ஆண்ட்ரோமெடா அண்ணனின் மடி

காதுகுத்து விருந்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது செவ்வந்திக்குச் சேதி வந்தது. பிள்ளைக்குத் தாய்மாமனாக, பக்கத்துச் சுருள் நட்சத்திர மண்டலம் ஆண்ட்ரோமெடா வருகிறது.

காதலித்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து கூடப்பிறந்த அண்ணன் அவளோடு பேசுவதில்லை. மற்ற சொந்தங்களும் ஒவ்வொருவராக விலகிப்போனார்கள். வானத்திலும் அப்படித்தான். பக்கத்துக் கூட்டத்து மண்டலங்களெல்லாம் தள்ளித் தள்ளியே போகிறவை. இது ஒன்றுதான் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. வருகிறவர்தானே அண்ணன்?

“மடி கொடுக்க உன் பக்கம் ஒரு ஆளு வரலைன்னா, பிள்ளைய என் தம்பி மடியில உக்கார வெச்சிருவேன்” என்று மாமியார் ராசம்மாள் முன்பே சொல்லியிருந்தாள். செவ்வந்தி எதிர்த்துப் பேசிப் பழகாதவள். துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போய், வானத்தைப் பார்த்து மெல்லக் கூப்பிட்டுவிட்டு வந்திருந்தாள்.

நல்ல நேரம் முடிவதற்குள் அது வந்துவிட்டது. தெரு குறுகல் என்பதால் கைகளைச் சுருட்டிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தது. சீர்த்தட்டில் பட்டுப்பாவாடை, வாழைப்பழம், கொஞ்சம் வெளிச்சம்.

“வெளிச்சம் கிளம்பி ரொம்ப நாளாச்சும்மா. ஆறிப்போயிருக்கும், தப்பா நெனச்சுக்காத.”

“ஆளு நல்ல அகலம். வெறுங்கையோடயும் வரல” என்று ராசம்மாள் இன்னொரு பாயை விரித்தாள்.

ஆசாரி ஊசியோடு சுற்றிச் சுற்றி வந்தார். “இதுல மடி எதுங்க?”

“எங்க உக்காந்தாலும் மடிதான்” என்றது மண்டலம்.

பிள்ளையை நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காரவைத்தார்கள். ஆசாரி நடுவிலிருந்த கருந்துளையை எட்டிப் பார்த்தார். “உங்களுக்கு யாருங்க குத்துனது? ஓட்டை இவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு.”

மண்டலம் கூச்சத்தில் கொஞ்சம் வேகமாகச் சுற்றியது.

ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டாள். அந்த அழுகை போய்ச் சேர்ந்த தூரத்தில், விலகிக்கொண்டே இருந்த பக்கத்துக் கூட்டம் நின்றது. பிறகு இந்தப் பக்கம் திரும்பியது.

உரித்த வெங்காயம் பத்தாது என்று செவ்வந்தி மறுபடி அரிவாள்மணை முன் உட்கார்ந்தாள். பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த மண்டலத்திடம் தலை நிமிராமல் சொன்னாள்:

“அண்ணே, சாப்பிடாமப் போயிராதீங்க. பின்னால வர்றவங்களுக்கும் இலை போட்டுரலாம். எங்கண்ணன் மட்டும் வந்திருந்தா...”

“ஏய் செவ்வந்தி!” வாசலிலிருந்து ராசம்மாள். “உங்கண்ணன் ஒரு சின்ன மண்டலத்த இடுப்புல தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. அதுக்குப் பால் இருக்கான்னு கேக்குறாரு!”

“இருக்கு அத்தை, இதோ வந்துட்டேன்” என்று செவ்வந்தி முந்தானையில் கையைத் துடைத்தபடியே எழுந்து, அடுப்பிலிருந்த பாலை இறக்கி ஆற்றத் தொடங்கினாள்.