சேலஞ்சரின் பின் சீட்டு

இறுதி ஊர்வலக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு, அடக்க ஏற்பாடு செய்யும் நிறுவனத்து ஆள் தயங்கினான். கொடியின் அடியில் காந்தம்; ஒட்டினால் பெயின்ட் கீறலாம். லியோவின் ஆரஞ்சு நிற சேலஞ்சர் காரின் மேல் காக்கை எச்சம் போட்டால்கூட அவருக்கு அன்று சோறு இறங்காது. டெட்ராய்ட்டின் அந்தத் தெருவுக்கே அது தெரியும்.

“அடியில துணி வைக்கட்டுமா சார்?”

“வேணாம். ஒட்டு,” என்றார் லியோ.

ஹெலன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

முன்னால் நின்ற கறுப்பு வண்டிக்குள், சவப்பெட்டியில், அவள் தங்கை பெர்னி இருந்தாள். அம்மா போனபிறகு இவர்களோடு வந்து தங்கியவள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். ஞாயிறு பூசைக்குப் போனாலும் ஏரிக்கரைக்குப் போனாலும் சேலஞ்சரின் பின் சீட்டு அவளுடையது; அங்கிருந்தே லியோ ஓட்டுவதைத் திட்டிக்கொண்டு வருவாள். இன்று அங்கே மலர்வளையங்கள்.

லியோவின் அண்ணன் எட், தன் போர்ஷே காரிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். இரண்டே பேர் உட்காரும் வண்டி.

“டேய், ரிட்டயர் ஆனப்போ உன் கையிலயும்தான் காசு இருந்துச்சு. இப்படி ஒண்ணு எடுத்திருக்கலாம்ல? கஞ்சப்பய.”

“இது பாதி விலை. இழுவை உன்னோடதை விட ஜாஸ்தி,” என்றார் லியோ. யார் கேட்டாலும் அவர் சொல்லும் பதில்.

ஹெலன் கையுறையைச் சரிசெய்துகொண்டாள். ஆஸ்பத்திரியில், கடைசி நாள் சாயங்காலம், பெர்னியும் இதைத்தான் கேட்டாள்.

“ஹெலன், மறைக்காம சொல்லு. எனக்காகத்தானே லியோ அந்த ரெண்டு சீட்டு காரை விட்டுட்டாரு?”

“உனக்காகவா? ஆசையப் பாரு! அந்த ஆளு ஒரு கஞ்சன்டி.”

பெர்னி சிரித்தாள். சிரிப்பு இருமலானது. “அப்பாடா. இத்தனை வருஷமா நெஞ்சுல கிடந்துச்சு.”

விடிவதற்குள் போய்விட்டாள். தான் சொன்னது பொய்யா, மெய்யா என்று ஹெலனுக்கே தெரியாது. தங்கையைப் பொய் சொல்லி அனுப்பிவிட்டோமோ என்பதுதான் மூன்று நாளாக அவளை அரித்தது.

அடக்கம் முடிந்தது. மலர்வளையங்கள் மண்மேல் இருந்தன. மாதா கோவில் கூடத்தில் முட்டைக்கோஸ் உருண்டையும் காப்பியும் காத்திருக்கும் என்று எல்லோரும் கிளம்பினார்கள்.

லியோ வண்டியின் வலப்பக்கக் கதவைத் திறந்தார். பின் சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. நெம்புகோலை இழுத்து முன் சீட்டை மடக்கிச் சாய்த்து, அதைப் பிடித்தபடி நின்றார். பெர்னி கைப்பையைத் தூக்கிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே உள்ளே ஏறும்வரை எப்போதும் அப்படித்தான் நிற்பார்.

எட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹெலன் கையைக் காட்டி நிறுத்தினாள். பாவாடையைச் சுருட்டிப் பிடித்து, குனிந்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டு இடுக்கில் பெர்னியின் பெப்பர்மின்ட் மிட்டாய்க் காகிதம் ஒன்று விரலில் பட்டது.

கல்லறை வாசலைத் தாண்டியதும் கேட்டாள்.

“எட் வச்சிருக்கிற மாதிரி கார் உனக்குப் பிடிக்கலையா, லியோ?”

“ஓட்டிப் பாத்தேன். நல்ல வண்டிதான். ஆனா ரொம்ப அமைதி.”

“போர்ஷேயா அமைதி?”

“பின்னாடியிருந்து யாரும் திட்டல.”

ஹெலன் காகிதத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

தூரத்தில் சிக்னல் விளக்கு மாறியது.

“லியோ, சிவப்பு!”

“தெரியுது,” என்றார் அவர். பிரேக்கை மிதித்தவாறே, பின்னால் பார்க்கும் கண்ணாடியை, ஹெலன் முகம் தெரிய, கொஞ்சம் மேலே திருப்பி வைத்தார். பெர்னி குள்ளம்.