ஏழாம் பக்கத்துச் செய்தி

சங்கத்தில் அவளைக் கியர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கூட்டத்தில் யாராவது சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், "கியரை மாத்துங்க, வண்டி திணறுது" என்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். சங்கத் தலைவரான பல் டாக்டர் அவளைவிட எட்டு வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் சொல்வார்.

முப்பத்திரண்டு பேர் உள்ள சேவைச் சங்கம் அது. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் கொடுப்பார்கள், ரத்ததான முகாம் நடத்துவார்கள். டயாலிசிஸுக்குப் போகிறவர்களைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப வீட்டில் இறக்கிவிடுவது கியர் அக்காவின் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும், பதினோரு வருடமாக. எந்த நோயாளிக்குத் திரும்பும்போது வாந்தி வரும், யாருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், யார் பேச்சுக் கொடுத்தால் எரிந்துவிழுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

சங்கத்துக்கு மாதம் ஒரு செய்தி மடல் உண்டு. எட்டுப் பக்கம். அதைத் தயாரிப்பவள் சங்கத்தின் செயலாளர், நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எல்லோருக்கும் அவள் லைப்ரரி மேடம், கியர் அக்காவுக்கு மட்டும் வெறும் லைப்ரரி. இருவரும் ஒரே நாளில் சங்கத்தில் சேர்ந்தவர்கள். முதல் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள், பிறகு இடம் மாறவே இல்லை. மடலின் ஏழாம் பக்கம் உறுப்பினர் வீட்டுச் செய்திகள். யார் வீட்டில் கல்யாணம், யார் பேரன் நீச்சலில் பதக்கம் வாங்கினான், யாருக்கு மூட்டு அறுவை சிகிச்சை. மடல் வந்ததும் எல்லோரும் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

அன்றைக்குப் பயிற்சிக்கு வந்த பெண் ஸ்டியரிங்கில் இருந்தாள். பக்கத்து இருக்கையில் கியர் அக்கா. இடது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. கற்றுக்கொள்ள வந்தவள் பார்த்துவிட்டாள், கற்றுக்கொடுப்பவள் பார்க்கவில்லை. வண்டி நின்ற பிறகுதான் சைக்கிளே அவள் கண்ணில் பட்டது.

"நல்லா நிறுத்தினியேம்மா" என்று அந்தப் பெண்ணைப் பாராட்டினாள்.

மறுநாளே கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது என்றார் அவர். பக்கவாட்டுப் பார்வை பெருமளவு போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். நேரே பார்ப்பதெல்லாம் தெளிவாகத் தெரிவதால் இத்தனை நாள் அவளுக்குப் புரிபடவில்லை.

"வண்டி ஓட்டலாமா?" என்று கேட்டாள்.

"உங்க தொழில் என்ன?" என்றார் டாக்டர். அவள் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஓட்டக் கூடாதும்மா" என்றார்.

அன்றிலிருந்து அவள் சாவியைத் தொடவில்லை. பயிற்சி முழுவதையும் தன்னிடம் வேலை பார்க்கும் உதவிப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்தாள். சங்கத்தில் கார் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, செவ்வாய் வெள்ளிக்குச் சங்க உறுப்பினரான பெயின்ட் காண்ட்ராக்டரின் வேனை ஏற்பாடு செய்தாள். யாருக்கும் ஒரு நாள் கூடத் தவறவில்லை. ஆனால் எவ்வளவு நாளைக்குக் கார் ரிப்பேரில் இருக்கும்? யாரிடமாவது சொல்லி யோசனை கேட்டாக வேண்டும். ஒரு பிற்பகலில் லைப்ரரி வீட்டுக்குப் போனாள்.

சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சொன்னாள். லைப்ரரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழ வேண்டியவள்தான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"மகளுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. அடுத்த மாசம் லீவுக்கு வரா. நேர்ல உக்காந்து சொல்லணும். போன்ல சொன்னா, கண்ணே போச்சுன்னு நெனச்சுக்குவா. அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"நானா சொல்வேன்? காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கும். நீ கவலைப்படாதே."

மகள் விஷயம் லைப்ரரிக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருடம் முன்பு கியர் அக்காவின் கணவர் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகளுக்குப் பரீட்சை. கெடுத்துவிடக் கூடாது என்று மூன்று நாள் சொல்லாமல் வைத்திருந்தாள். மகள் வந்து சேர்ந்தபோது அப்பாவால் பேச முடியவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்டதான் மொதல்ல சொல்லணும்." கியர் அக்கா அவள் தலையில் கைவைத்துச் சரி என்றாள். அப்போது அந்த அறையில் நின்றிருந்த மூன்றாவது ஆள் லைப்ரரிதான்.

வியாழக்கிழமை காலை செய்தி மடல் எல்லோருடைய போனுக்கும் வந்தது. கியர் அக்கா அதைத் திறக்கவில்லை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் பெயின்ட் காண்ட்ராக்டர் கூப்பிட்டார். "தெம்பா இருங்கக்கா, நாங்க எல்லாம் இருக்கோம்" என்றார். எதற்குச் சொல்கிறார் என்று புரியாமல் "சரிங்க" என்றாள். அடுத்து பயிற்சிக்கு வரும் ஒரு பெண்ணின் அப்பா, மகளை இனி அனுப்பப் போவதில்லை என்றார். காரணம் கேட்டதற்குத் தயங்கி, "நீங்க ஒடம்பப் பாத்துக்கங்கம்மா" என்று வைத்துவிட்டார். அதன் பிறகுதான் மடலைத் திறந்தாள்.

ஏழாம் பக்கம். மேலே ஒரு உறுப்பினரின் சோபாக் கடைத் திறப்பு விழா. அதற்குக் கீழே, பாதிப் பக்கத்துக்கு அவள். விளையாட்டு விழாவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்த படம். 'ஒளியைப் பிறருக்குத் தந்தவள், இருளை நோக்கி' என்று தலைப்பு. பதினோரு ஆண்டுகள் நோயாளிகளைச் சுமந்த கைகள் இனி ஸ்டியரிங்கைப் பிடிக்காது என்றும், ஆட்கொல்லிச் சாலைகளை வென்றவளைக் கண் நோய் வென்றுவிட்டது என்றும், அவளுக்காக அனைவரும் ஒரு நிமிடம் கண்மூட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கீழே எழுதியவர் பெயர்: செயலாளர்.

அவள் இருமுறை படித்தாள். ஒவ்வொரு வாக்கியமும் அழகாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவசரத்தில் வாய்தவறிச் சொன்னது அல்ல இது. உட்கார்ந்து, வெட்டித் திருத்தி, படம் தேடி எடுத்துச் செய்த வேலை.

மகள் பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள். சங்கத்தில் உள்ள ஒருவரின் மகள் இவளோடு படித்தவள். மடலை இவளுக்கு அனுப்பி, அழும் பொம்மை ஒன்றும் போட்டிருந்தாளாம்.

"அம்மா, உண்மையா?"

"உண்மைதான். ஆனா அதுல எழுதியிருக்கற மாதிரி இல்ல. நீ வந்ததும்..."

"என்னைக்குத் தெரியும் உனக்கு?"

"மூணு வாரமாச்சு."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

"சோபாக்கடைக்குக் கீழ போட்டிருக்காங்கம்மா" என்றாள் மகள். "அப்பாவுக்கும் இப்படித்தான். எனக்குக் கடைசியில." போனை வைத்துவிட்டாள்.

லைப்ரரியின் எண்ணை அழுத்தினாள். எடுக்கவில்லை. மாலை வரை ஐந்து முறை. எடுக்கவில்லை. 'சனிக்கிழமை கூட்டத்தில் பேசலாம், கட்டிப்பிடித்துக்கொள்கிறேன்' என்று ஒரு செய்தி மட்டும் வந்தது.

சனிக்கிழமை கியர் அக்கா பஸ் ஏறிக் கூட்டத்துக்குப் போனாள். மண்டப வாசலிலேயே அவளைக் கண்டுகொண்டார்கள். ஒருவர் முழங்கையைப் பிடித்துப் படியேற்றினார். இன்னொருவர் நாற்காலியை இழுத்து, "இங்க இருக்கு, உக்காருங்க" என்று சத்தமாகச் சொன்னார், காது கேட்காதவளிடம் சொல்வதுபோல. டீ கொண்டுவந்த அம்மாள் கோப்பையை மேஜையில் வைக்காமல் அவள் விரல்களைப் பிரித்து உள்ளே வைத்தாள். போன மாதம் வரை இவர்களுக்கு யாரை எப்போது எங்கே ஏற்ற வேண்டும் என்று அவள்தான் உத்தரவு போட்டாள். இப்போது அவளே ஏற்றி இறக்கப்பட வேண்டியவளாகிவிட்டாள்.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. லைப்ரரி மேடைக்கு அருகே உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் எழுந்தார். "ஒரு சந்தோஷமான சேதி. நம்ம செய்தி மடல் இந்த மாசம் தலைமை அலுவலகத்துல பாராட்டு வாங்கியிருக்கு. குறிப்பா ஏழாம் பக்கம். எல்லாக் கிளைக்கும் அனுப்பப் போறாங்களாம். நம்ம கியர் அக்காவோட கஷ்டத்த அவ்வளவு உருக்கமா எழுதின செயலாளருக்கு ஒரு கைதட்டல்."

கைதட்டினார்கள். லைப்ரரி எழுந்து நின்று தலைகுனிந்தாள். கியர் அக்காவுக்குப் பார்வை இப்போது ஒரு சின்ன வட்டம்தான். அந்த வட்டத்துக்குள் மண்டபம் இல்லை, கைகள் இல்லை, தோழியின் முகம் மட்டும் இருந்தது. அந்த முகம் அடக்க முயன்றும் முடியாமல் சிரித்தது.

கூட்டம் முடிந்ததும் சக்கர நாற்காலிகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்கு லைப்ரரியே அவளைக் கூட்டிப்போனாள். கட்டிப்பிடிக்க வந்தாள். கியர் அக்கா ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துவிட்டாள்.

"கோவமா இருக்கியா?"

"என் மக என்னோட பேசறதில்ல."

"நான் மகளை யோசிக்கவே இல்லடி. சத்தியமா. எல்லாருக்கும் தெரிஞ்சா உனக்கு உதவி பண்ணுவாங்கன்னுதான்..."

"உதவி கேட்டேனா? வாயத் திறக்காதேன்னுதான் கேட்டேன்."

லைப்ரரி சுவரில் சாய்ந்தாள். ஊன்றுகோல் ஒன்று சரிந்து விழுந்தது. குனிந்து எடுத்து வைத்தாள். நேரம் கடத்துகிறாள் என்று தெரிந்தது.

"நெஜத்தச் சொல்லு" என்றாள் கியர் அக்கா. "ஏன் எழுதினே?"

"இந்த மாசம் சேதியே இல்ல" என்றாள் லைப்ரரி மெதுவாக. "யாரும் எதுவும் அனுப்பல. சோபாக்கடை ஒண்ணுதான். மறுநாள் காலையில அனுப்பியாகணும். பாதிப் பக்கம் காலியா இருந்துச்சு. சும்மா எழுதிப் பாப்போம்னு ஆரம்பிச்சேன். நல்லா வந்துச்சு. அப்புறம் எடுக்க மனசு வரல."

பொறாமையில் செய்தேன், ஏதோ பழைய கோபத்தில் செய்தேன் என்று சொல்லியிருந்தால் கியர் அக்கா சண்டை போட்டிருப்பாள். சண்டையில் ஏதாவது மிஞ்சும். பாதிப் பக்கம் காலியாக இருந்தது என்பதற்கு என்ன பதில் சொல்வது?

"அடுத்த மடல்ல வருத்தம் தெரிவிச்சு ஒரு வரி போடறேன்" என்றாள் லைப்ரரி.

"வேண்டாம். என்னைப் பத்தி இனிமே எதுவும் போடாதீங்க."

'போடாதீங்க' என்றதைக் கேட்டு லைப்ரரியின் முகம் வெளுத்தது. இத்தனை வருடத்தில் அவர்களுக்குள் மரியாதைப் பேச்சு வந்ததே இல்லை. "என்ன, நீங்க வாங்கன்னு பேசறே?" என்றாள். கியர் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு, நாற்காலிகளின் ஓரத்தைத் தடவியபடி வெளியே வந்தாள். முழங்கையைப் பிடிக்க வந்தவரிடம், "எனக்கு வழி தெரியுது, நீங்க நகந்தா போதும்" என்றாள். அவர் நகர்ந்தார்.

சங்கத்தை விட்டு அவள் விலகவில்லை. விலகினால் செவ்வாய் வெள்ளிக்கு யார் பார்ப்பார்கள்? தலைவரைப் பார்த்து, வண்டிகளை ஏற்பாடு செய்யும் வேலையை வீட்டிலிருந்து போனில் செய்வதாகச் சொன்னாள். கூட்டங்களுக்கு மட்டும் வரமாட்டேன் என்றாள். பல் டாக்டர் மென்று முழுங்கினார். "அவங்க நல்ல மனசுலதான் எழுதினாங்க" என்று ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினார்.

பயிற்சிக்கு வந்தவர்களில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். உதவிப் பயிற்சியாளர்தான் வண்டியில் உட்காருகிறாள் என்று சொல்லியும் கேட்கவில்லை. சைக்கிளைப் பார்த்து வண்டியை நிறுத்திய பெண் மட்டும் தொடர்ந்து வந்தாள். பத்து நாளில் பள்ளியை உதவிப் பயிற்சியாளர் பெயருக்கே மாற்றிக் கொடுத்தாள் கியர் அக்கா. எப்படியும் செய்ய நினைத்ததுதான். ஆனால் தானாக நடந்து வெளியே வருவதும், பிறர் பிடித்துத் தள்ளி வெளியே வருவதும் ஒன்றா?

மகள் லீவுக்குக் காத்திருக்காமல் அடுத்த ஞாயிறு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மருந்துச் சீட்டெல்லாம் எங்க?" என்று கேட்டாள். அதைத் தவிர அன்று வேறு எதுவும் பேசவில்லை. மறுநாள் கண் டாக்டரிடம் கூடவே வந்தாள். கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். எவ்வளவு மீதி இருக்கிறது, எத்தனை வேகத்தில் குறையும், படிக்க முடியுமா, தனக்கும் வருமா. கியர் அக்கா கேட்கப் பயந்த அத்தனையையும் அவள் கேட்டாள். மருந்தை ஒழுங்காகப் போட்டால் நெடுநாள் இப்படியே நிற்கலாம் என்றார் டாக்டர். மகள் அதையும் எழுதிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். வெயில் ஏறிவிட்டது.

"லைப்ரரி ஆன்ட்டி எனக்கு ஃபோன் பண்ணாங்க" என்றாள் மகள். "அழுதாங்க. உன்கிட்ட சொல்லிப் பாக்கச் சொன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. அவங்கள மன்னிச்சிடுவியா?"

கியர் அக்கா யோசித்தாள். "தெரியல. இப்போதைக்கு இல்ல."

"நானும் உன்ன இப்போதைக்கு இல்ல" என்றாள் மகள்.

"சரி" என்றாள் அவள். தன் தோழியிடம் கேட்க மறுத்த, உன் நன்மைக்குத்தான் என்கிற சமாதானத்தை மகளிடம் எந்த வாயால் சொல்வது?

பஸ் வந்தது, நிறைய கூட்டம். ஒரு இருக்கைதான் இருந்தது. மகள் அதில் கைப்பையைப் போட்டு இடம்பிடித்து, "உக்காரு" என்றாள். கியர் அக்கா மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள். மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றாள், ஆனால் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.