கைக்கெட்டும் தூரத்துப் புல்

ஸ்குரூ டிரைவர் தடங்கல் எதுவும் இல்லாமல் கைப்பிடிவரை மண்ணுக்குள் இறங்கியது. அடியில் கல் இல்லை. லிஃப்ட்காரர் அதை உருவிக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, பக்கத்தில் புல் பழுத்துக் கிடந்த இன்னொரு திட்டில் குத்தினார். அங்கேயும் கல் இல்லை. கட்டட வேலை செய்தவர்கள் செங்கல் துண்டுகளைப் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்ற சந்தேகமும் இத்தோடு போயிற்று. சந்தேகம் தீர்ந்ததில் நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டின் முனகலைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு துண்டுப் புல் பிடிபடவில்லை. மகள் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கிய மறுவாரம்தான், புழுதி பறந்துகொண்டிருந்த பின்புறத்தில் புல் போட ஆள் கூப்பிட்டார். மண்ணோடு பெயர்த்த புல்லைப் பாய் பாயாகச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனார்கள்.

“இப்ப எதுக்குங்க புல்லு?” என்று மனைவி கேட்டாள்.

“அவ வந்து உக்கார ஒரு இடம் வேணாமா?”

மகள் வந்து உட்காரவில்லை. மாடியறை ஜன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் இறங்கி வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், தட்டைக் கழுவிவிட்டு ஏறிப்போனாள். புருஷன் வீட்டிலிருந்து ஏன் வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மனைவி ஏதோ கேட்க வாயெடுத்தபோதும் கண்ணைக் காட்டி அடக்கிவிட்டார்.

புல்லைப் பற்றி மட்டும் கேட்காத ஆளில்லை. தண்ணீர் சமமாக விழுகிறதா என்று பார்க்க, சமையலறை டம்ளர்களை வரிசையாக வைத்துத் தெளிப்பானைத் திறந்துவிட்டார். எல்லாவற்றிலும் ஒரே அளவு. புழுவாக இருக்குமோ என்று ஓரத்தைக் கிளறினார். ஒரு மண்புழு மட்டும் கோபித்துக்கொண்டதுபோல் நெளிந்து உள்ளே போனது. பக்கத்து வீட்டு நாயின் மேல் பழியைப் போட்டார். “எங்க நாய் மதில் ஏறிக் குதிச்சு உங்க புல்லைத் தேடி வருதா? படியேறவே அதுக்கு மூச்சு வாங்குது” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். புல் போட்டவனோ, “தண்ணி விட்டுட்டு சும்மா விட்டுடுங்க சார், தானா பிடிச்சுக்கும்” என்று ஃபோனை வைத்துவிட்டான். சும்மா விடுவதாம். கோளாறை வைத்துக்கொண்டு எவனாவது சும்மா இருப்பானா?

அந்தக் கோபத்தோடு மொட்டை மாடிக்குப் போய் மருமகனுக்கு ஃபோன் செய்தார். அது முதல் தடவையல்ல. மறுமுனையிலிருந்து “அவளையே கேளுங்க மாமா” என்று மட்டும் வந்தது. இறங்கி வந்து, மறுபடி புல்லருகே குந்தினார்.

சிமெண்ட் நடைபாதையில் உட்கார்ந்தபடி, பாய் ஒன்றின் விளிம்பில் விரலை நுழைத்துத் தூக்கினார். அடியில் மயிரிழை போல நாலைந்து வெள்ளை வேர்கள் மண்ணோடு ஒட்டியிருந்து, மெல்ல அறுந்தன.

“அதைத்தான் தினமும் பண்றீங்க.”

மகள் பின்னால் நின்றிருந்தாள். எப்போது இறங்கி வந்தாளோ.

“வேர் பிடிச்சிருக்கான்னு பாக்கறேன்மா.”

“தூக்கித் தூக்கிப் பாத்தா எப்படிப்பா பிடிக்கும்? காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மேலேருந்து பாத்துட்டுதானே இருக்கேன். உங்க கை எட்டற இடம் மட்டும்தான் காஞ்சிருக்கு. அந்தப் பக்கம் பாருங்க.”

பார்த்தார். மதிலோரம் பசேலென்று கிடந்தது. நடைபாதையை ஒட்டித்தான் ஒரு கை நீளத்துக்குத் திட்டுத்திட்டாகப் பழுப்பு. முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. தூக்கிய விளிம்பை மெதுவாக இறக்கி, உள்ளங்கையால் அழுத்தினார்.

“அவருக்கும் ஃபோன் பண்ணிட்டு இருக்கீங்களாமே.”

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. “பண்ணினேன்.”

“என்ன சொன்னார்?”

“உன்னையே கேக்கச் சொன்னார்.”

“அப்புறம் ஏம்ப்பா கேக்கல?”

நகக்கண்ணில் ஏறியிருந்த மண்ணைச் சுரண்டினார். “கேட்டா, இங்கேருந்தும் கிளம்பிடுவியோன்னு...”

அவள் குழாயடியிலிருந்து ரப்பர் குழாயை இழுத்துவந்து, காய்ந்த திட்டுகளின்மேல் தண்ணீர் விட்டாள். எல்லாம் நனைந்தபின் குழாயை மூடிவிட்டு நடைபாதையில், அவருக்கு ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். அவருக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், எடுத்தார், அக்குளில் செருகிக்கொண்டார்.

மதிலிலிருந்து மைனா ஒன்று இறங்கியது. ஈரப் புல்லில் தத்தித் தத்தி வந்து, இரண்டு பாய்கள் சேரும் இடத்தில் அலகை விட்டுக் கிளறி, விளிம்பைக் கவ்வி இழுத்தது. லிஃப்ட்காரர் துள்ளிப் பாதி எழுந்துவிட்டார்.

“போன மாசம் ஒருநாள் அவர்...” என்று மகள் ஆரம்பித்தாள்.

முழுசாக எழவும் இல்லாமல், உட்காரவும் இல்லாமல், மைனாவை விரட்ட நீட்டிய கையோடு அவர் அப்படியே நின்றார். மைனா இழுத்துக்கொண்டிருந்தது.