ஐப்பசியில் ராவுத்தர் தலைக்கு ஊற்றிக்கொண்டது

பிரசவ ஜன்னி கண்டு செத்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் இப்ராம்சா ராவுத்தர்தான். நம்பாதவர்கள் கொடைக்கானல் பஜாரில் வயசாளிகள் யாரையாவது கேட்டுப் பார்க்கலாம். அவர்களும் நான் சொல்லித்தான் கேட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அவருக்குக் கம்பளிக் கடை. பக்கத்துக் கடையில் நான் பூண்டியிலிருந்தும் கவுஞ்சியிலிருந்தும் வருகிற பூண்டு, உருளைக்கிழங்கை வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். அவர் கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரே சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அந்த வீட்டில் யாராவது தும்மினால் இங்கே என் தராசு ஆடும். அவரை நான் மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். அவர் பள்ளிவாசலுக்குப் போகிறவர், நான் பழனிக்குக் காவடி எடுக்கிறவன். எங்கள் பக்கத்தில் முறை சொல்லிக் கூப்பிட இதெல்லாம் தடையில்லை.

நான் சொல்வது அறுபத்தோராம் வருஷத்து ஐப்பசி. இப்போது வருகிற மாதிரி ஏனோதானோ மூடுபனி இல்லை அது. கதவைத் திறந்தால் சம்பந்தி மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் விளக்குமாற்றால் தள்ளித்தான் வெளியே அனுப்ப வேண்டும். ஆவணியில் துவைத்துப் போட்ட என் வேட்டி தைப்பூசத்துக்குத்தான் காய்ந்தது. அதற்குள் அதில் பாசி படர்ந்து, ஒரு தவளை குடும்பம் நடத்தி, பிள்ளைகளையும் கரையேற்றிவிட்டது.

அந்தப் பனியில்தான் ராவுத்தரின் இளைய மகள் ஃபக்ருன்னிசா, பண்ணைக்காட்டில் வாழ்க்கைப்பட்டவள், தாய் வீட்டுக்கு வந்து முதல் பிள்ளையைப் பெற்றிருந்தாள். ஆண் குழந்தை. நாற்பதாம் நாள் அவளுக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும். ஒரு முடி விடாமல் வேர்வரை நனைய வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம். அவளுக்கோ முழங்காலுக்குக் கீழே இறங்கிய முடி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் ஆமினாவுக்கும் இதே ஐப்பசியில் இதே முற்றத்தில்தான் தலைக்கு ஊற்றினார்கள். முடி காய வைக்கக் கரி வேண்டும். ராவுத்தர் விலை சகாயம் என்று பாதி வெந்த கரி மூட்டை ஒன்றை வாங்கிப் போட்டார். சட்டியில் போட்ட கரி புகைந்தது, கண்ணைக் கரித்தது, அணைந்தது. முடி காயவில்லை. மூன்றாம் நாள் ஆமினாவுக்குக் குளிர் கண்டது, பல் கிட்டிக்கொண்டது, ஏதேதோ பேசினாள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

அன்று முதல் மாமாவுக்கு மலிவான சாமானைக் கண்டால் கை பின்வாங்கும். பிறவி வியாபாரி என்பதால் விலை கூடின சாமானைக் கண்டாலும் பின்வாங்கும். உப்பு வாங்கப் போனால்கூட அரை நாள் ஆகும்.

"முடியக் கொஞ்சம் கத்தரிச்சு விட்டா என்ன மாமா?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

மாமா பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சம்சாரம் மரியம் பீவியின் குரல் வந்தது. "மொதல்ல ஒன் நாக்கக் கத்தரி ஞானவேலு."

ஏரிப் பக்கம் ஓர் அமெரிக்க துரைசாணி ஊருக்குத் திரும்புவதற்காக வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அதில் முடி காய வைக்கிற மிஷின் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு மாமா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பார்க்க வெள்ளைப் புறா மாதிரி இருந்தது. கூடவே ஓர் இரும்புப் பெட்டி, அம்மிக்கல் கனம். துரைசாணி தமிழை பைபிளிலிருந்து கற்றுக்கொண்டவர்.

"இதன் விலை நூற்றிருபது ரூபாய். இந்தப் பெட்டியோடு இணைத்தே இதை உபயோகிப்பீராக. பெட்டியின்றி உபயோகித்தால் இது எரிந்துபோம்" என்றார்.

"கொஞ்சம் பாத்துக் கொறைங்கம்மா."

"குறைப்பதற்கில்லை. ஆயினும் இரண்டு வாரம் வைத்துப் பாரும். திருப்தி இல்லையேல் திரும்பத் தாரும்."

மிஷினைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்ததும் மாமா சொன்னார்: "வானத்துல இருந்து வெல சொல்ற மாதிரியில்ல சொல்லுது அந்தம்மா. இதுல எங்கிட்டுப் பேரம் பேசுறது?"

மறுநாளே கோயமுத்தூர்ச் சரக்கு ஒன்று தேடி வந்தது. நல்லுசாமி என்று ஓர் ஏஜண்டு, லாட்ஜில் தங்கி அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் விற்கிறவன். அவனிடமும் ஒரு மிஷின். எண்ணெய் ஊற்றுகிற தகரப் புனலுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இருந்தது. பதினெட்டு ரூபாய். பிளக்கில் சொருகியதும் பண்ணைக்காட்டு பஸ் மேடேறுகிற சத்தம் கேட்டது. கடையில் தொங்கிய ஸ்வெட்டர்கள் எல்லாம் கையைத் தூக்கிவிட்டன.

"ஏம்ப்பா, நடுவுல பொறி பறக்குது?"

"பொறி பறந்தாத்தான் பாய் உள்ள சூடு இருக்குன்னு அர்த்தம்."

"பொம்பளப்பிள்ள தலையில வைக்கிறதுப்பா."

"வச்சுப் பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சு வந்து காசு வாங்கிக்கறேன். வேண்டான்னா சாமானை வாங்கிக்கறேன்."

இப்படி இரண்டு மிஷினும் ஒரே அலமாரியில் வந்து உட்கார்ந்தன. நாற்பதாம் நாளுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. எது என்று மாமா முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான் சோலி. உப்பு வாங்கவே அரை நாள் எடுக்கிறவர் என்று முன்பே சொன்னேன்.

முதலில் குதிரை வாலில் பார்த்தார். ஏரியைச் சுற்றிக் குதிரை விடுகிற மணியன் தன் குதிரையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்தான். வாலை நனைத்து அமெரிக்க மிஷினை வைத்ததும் குதிரை நின்றபடியே தூங்கிப்போய்க் குறட்டை விட்டது. வாலைத் திரும்ப நனைத்துத் தகர மிஷினை வைத்ததும் ஓட ஆரம்பித்தது. பெரியகுளம் சந்தையில் பிடித்தார்கள். வாலில் பாதிதான் இருந்தது. மீதி வழியில் தீர்ந்துவிட்டது.

"எப்படியோ வால் காஞ்சிருச்சுல்ல மாமா?"

"வால் காஞ்சிச்சு மாப்ளே. உள்ளுக்குள்ள குளுந்துச்சா இல்லையான்னு யாரு சொல்றது? குதிரை வாயத் தொறந்து சொல்லுமா?"

அன்றைக்குத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மறுநாள் வெள்ளனே பின்முற்றத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஆமினாவுக்கு ஊற்றிய அதே செப்புப் பானை. அதே கல். மாமா அதன்மேல் குத்த வைத்து உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். எப்போதும் மொட்டைத் தலைதான். பேரன் பிறந்த சந்தோஷத்தில் மழிக்க மறந்து அரை விரல் முடி வளர்ந்திருந்தது. தாடியோ நெஞ்சு வரை. தலையும் தாடியும் சொட்டச் சொட்ட, பனி முதுகில் கை போட்டிருக்க, அமெரிக்க மிஷினைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குடை பிடிக்க நான்.

"எப்படி மாமா இருக்கு?"

"பிள்ளை மூச்சு விடுற மாதிரி இருக்கு. ஆனா பிடரியில ஈரம் நிக்கிது."

அடுத்த நாள் தகரம். சீக்கிரம் காய்ந்தது, தாடி நுனி கருகியது. மூன்றாம் நாள் நான் முடிந்தது என்று நினைத்தேன். மாமா மறுபடி கல்லில் உட்கார்ந்தார்.

"ரெண்டும்தான் பாத்தாச்சே மாமா?"

"மொத நாள் பனி மூடாக்கு அதிகம். நேத்துக் கம்மி. ரெண்டையும் எப்படி ஒப்பிடுறது? சேராது. மொதல்ல இருந்து பாக்கணும்."

மரியம் பீவி வாசற்படியில் நின்று இடுப்பில் கை வைத்தாள். "ஏங்க, ஒங்களுக்கு எப்பப் பிள்ளை பொறந்துச்சு? இது எத்தனாவது குளி? சொன்னா பத்தியச் சோறும் ஆக்கிப் போடுவேன்ல?"

பஜாரே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. டீக் கிளாசோடு வந்து சுவரோரம் நின்று, அமெரிக்கா என்று ஒரு கட்சியும் தகரம் என்று ஒரு கட்சியும் கத்தும். எலெக்ஷன் வேறு பக்கத்தில் இருந்தது. ஓட்டுக் கேட்க வந்த ஒருவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் மாமா இருமிக்கொண்டே பானையைத் தூக்கினார். கதவுக்கு உள்ளேயிருந்து ஃபக்ருன்னிசா கூப்பிட்டாள்.

"அத்தா, போதும்த்தா. எதையாச்சும் ஒன்ன எடுங்க. எனக்கு ஒன்னும் ஆகாது."

மாமா பானையோடு நின்றார். "ஒங்க அக்காவும் இதத்தாம்மா சொன்னா" என்றார். பிறகு தலையில் ஊற்றிக்கொண்டார். அன்றைக்குச் சுவரோரம் நின்றவர்கள் டீக் கிளாசோடு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அந்தச் சாயங்காலமே காய்ச்சல். டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார், ஊசி போட்டார், வயசையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டாக்டர் போனதும் தெருப் பெண்கள் கூடி அவர்கள் பங்குக்குப் பார்த்தார்கள். தலைக்கு ஊற்றியிருக்கிறது, பனி பட்டிருக்கிறது, குளிர் கண்டிருக்கிறது, பல் கிட்டுகிறது, பிதற்றுகிறார். எல்லாம் ஆமினாவுக்கு இருந்த மாதிரியே. ஜன்னியேதான், பிரசவ ஜன்னியேதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிரசவம் இல்லையே என்று நான் கேட்டதற்கு, "மக பிரசவம் அப்பனுக்கு இறங்கிருச்சு" என்றார்கள். எனக்கு மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஃபக்ருன்னிசா வெளியே வரக்கூடாது என்பதை எல்லாம் விட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு மிஷினும் அலமாரியில் தெரிந்தன.

"அத்தா, எதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அதையே எடுத்துக்கறேன்."

மாமா இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, வெளியில மூடாக்கு எப்படி?"

"கம்மிதான் மாமா."

"அப்பச் சேராது" என்றார்.

மத்தியான லுஹர் பாங்கு சொல்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மாமாவின் மையத்தைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஃபக்ருன்னிசா நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

"தாடி ஈரமா இருக்கு" என்றாள்.

"தொடைச்சாச்சும்மா" என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத்.

"ஈரமா இருக்கு. ஈரத்தோட அனுப்பாதீங்க."

மரியம் பீவி முன்னே வந்து தன் முந்தானையால் தாடியை ஒற்றினாள். மெதுவாக, கொத்துக் கொத்தாகப் பிரித்து ஒற்றினாள். மையத்துப் பெட்டியைத் தூக்க வந்தவர்கள் தள்ளி நின்றார்கள். மகள் "காஞ்சிருச்சாம்மா?" என்றாள். தாய் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு "காஞ்சிருச்சு" என்றாள். ஒரு கண்ணில்கூட ஈரம் இல்லை அவளுக்கு. மூத்தவளுக்கு அழுததில் தீர்ந்துவிட்டது போலும் என்று நான் நினைத்தேன்.

நாற்பதாம் நாள் வந்தது. வீட்டில் துக்கம், ஒரு வாரம் தள்ளிப் போடலாம் என்றார்கள். ஃபக்ருன்னிசா கேட்கவில்லை. முற்றத்தில் பனி கையால் அள்ளுகிற மாதிரி கிடந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டு முடி காலோடு இழைய உள்ளே வந்தாள். கரிச்சட்டியும் தயாராக இருந்தது, முதல்தரக் கரி.

இதற்குப் பிறகு நடந்ததைச் சுவர்தான் எனக்குச் சொல்லிற்று.

"எதடி எடுக்க? அத்தா சொல்லாமலே போயிட்டாகளே" என்றாள் மரியம் பீவி.

அலமாரியில் ஏதோ உரசுகிற சத்தம். பிறகு பண்ணைக்காட்டு பஸ் மேடேற ஆரம்பித்தது. கைக்கு எட்டினதை எடுத்திருக்கிறாள். எட்டினது தகரம்.

கொஞ்ச நேரத்தில் என் கடைக்குள் கருகல் வாடை வந்தது. பூண்டு வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள்.

"ஐயோ, நிப்பாட்டுடி! முடியெல்லாம் பொசுங்குது!"

"பொசுங்கட்டும்மா. ஈரமா கெடக்கறதுக்கு இது மேலு."

"மொழங்கால் முடிடி!"

"இருக்கட்டும்."

சத்தம் நெடுநேரம் நிற்கவில்லை. நின்றபோது முழங்கால் முடி தோளுக்கு வந்திருந்தது. ஆனால் வேர்வரை காய்ந்திருந்தது.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. ஆமினாவுக்குக் குளிர் கண்டது மூன்றாம் நாள்தான். அன்றைக்கு விடிந்ததிலிருந்து மரியம் பீவி மகளின் நெற்றியில் வைத்த கையை எடுக்கவில்லை. சூடு நெற்றியுடையதா தன் கையுடையதா என்று தெரியாமல் அடிக்கொருதரம் கையை மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள்.

"குளுருதாடி?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. குளுருதா?"

"இல்லம்மா."

இதுவே பகல் முழுக்க. நான் மூட்டை எதையும் அவிழ்க்கவில்லை. விலை கேட்டவர்களுக்குச் சைகையில் சொன்னேன்.

வெயில் என்று பெயருக்கு இருந்ததும் இறங்கி, பஜாரில் விளக்குப் போடுகிற நேரம். உள்ளே குழந்தை அழுதது. பால் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஃபக்ருன்னிசா, "பசிக்குதும்மா, சோறு போடு" என்றாள்.

பாத்திரம் எடுக்கிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக மரியம் பீவி புருஷனுக்காக முதல்தடவையாக வாய்விட்டு அழுதது கேட்டது.

"கைக்கு எட்டுனத எடுத்துட்டாளே உங்க மக! இத மொத நாளே எடுத்துத் தொலைச்சிருக்கக் கூடாதா மனுசா! கல்லுல போயி உக்காந்தியே, கல்லுல போயி உக்காந்தியே..."

நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் அவரை அவள் ஒருமையில் கூப்பிட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். குழந்தையும் சேர்ந்து அழ ஆரம்பித்தது. சோற்றை ஃபக்ருன்னிசாவே எழுந்து போட்டுக்கொண்டாள்.