இடப்பக்கம் திருப்பும்போது

"இடப்பக்கம்தான். அதில மாற்றமில்லை."

"அண்ணா, நான் இடப்பக்கம் எண்டு சொல்லேல்ல. இடப்பக்கம் திருப்பேக்க சத்தம் கூடுது எண்டுதான் சொன்னனான்."

"ரெண்டும் ஒண்டுதானே கத்தரின். எந்தப் பக்கம் திருப்பச் சத்தம் கூடுதோ, அந்தப் பக்கத்துச் சில்லின்ர பேரிங் பழுதாப் போட்டுது. இதுக்கு ஏன் பெரிய ஆராய்ச்சி?"

அருந்தவன் அதற்குள் காரின் முன் இடமூலையை ஜாக்கில் தூக்கிவிட்டிருந்தார். இடப்பக்கச் சில்லின் ரயரை மேலும் கீழும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு உலுக்கினார். கார் முழுவதும் ஆடியது. அவருடைய வயிறும் ஆடியது. "பாத்தீரே? ஆடுது," என்றார். சில்லு தனியாக ஆடியதா, எல்லாம் சேர்ந்து ஆடியதா என்று கத்தரினுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அவள் கணவன் கொட்பிறி, "ஓம் அத்தான், ஆடுதுதான்," என்றான். அவன் அப்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அருந்தவன் கொட்பிறியின் அக்கா சுஜீவாவின் கணவர். வாரநாட்களில் மெல்பேர்ணின் மல்கிரேவில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். சனி ஞாயிறுகளில் ரோவிலில் உள்ள தன் வீட்டு கராஜில் சொந்தக்காரர்களின் கார்களைத் திருத்துவார். படித்தது எல்லாம் வீடியோக்களில்தான். ஆனால் கராஜ் சுவரில் ஸ்பானர்கள் உயர வரிசையில், பள்ளிக்கூடப் படத்துக்கு நிற்கும் பிள்ளைகள்போலத் தொங்கின. அவருடைய சொந்தக் கார் எந்த மழைக்கும் வெளியில்தான் நிற்கும். இந்தக் குடும்பத்தில் யாரும் காரை வெளி மெக்கானிக்கிடம் கொண்டுபோவதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. ஒருமுறை சஞ்சீவ் என்ற ஒன்றுவிட்ட தம்பி, கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் பிறேக் மாற்றிக்கொண்டு வந்தான். அடுத்த பிறந்தநாள் விழாவில் அருந்தவன் அவனோடு மிகவும் அன்பாக, மாலை முழுவதும், மெல்பேர்ணின் காலநிலையைப் பற்றி மட்டும் பேசினார். அது போதுமாயிருந்தது.

கத்தரினுக்கும் கொட்பிறிக்கும் அதைவிடப் பெரிய கட்டு ஒன்று இருந்தது. மன்னாரிலிருந்து வந்து இறங்கிய முதல் வருடத்தை அவர்கள் இந்த வீட்டின் பின்னறையில்தான் கழித்தார்கள். கொட்பிறிக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் அருந்தவன். வேலை தேடி அவன் அலைந்த இடமெல்லாம் தன் காரில் ஏற்றி இறக்கியவரும் அவர்தான். அப்படிப்பட்ட மனிதரின் முகத்தைப் பார்த்து 'மெக்கானிக்' என்ற சொல்லை எப்படி உச்சரிப்பது? கொட்பிறிக்கு அந்தச் சொல் நாக்குவரை வந்ததில்லை. கத்தரினுக்குத் தினமும் வந்தது. விழுங்கினாள்.

சத்தம் தொடங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. முதலில், எங்கோ தூரத்தில் ஒரு விமானம் இறங்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. பிறகு விமானம் காருக்குள்ளேயே வந்துவிட்டது. வேகம் கூடக்கூட உறுமல் கூடும். ஒன்றும் இல்லை, ரயர்தான் என்றான் கொட்பிறி. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மருத்துவக் குழுவே கூடியது. நான்கு ஆண்கள் ஏறிக்கொண்டு, கத்தரினைப் பின்னிருக்கையின் நடுவில் செருகிவிட்டு, ஆமைவேகத்தில் கோயிலைச் சுற்றி வந்தார்கள். அந்த வேகத்தில் சத்தம் வராது என்று அவள் சொன்னதை அவளே கேட்டுக்கொண்டாள். கியர்பெட்டி என்றார் ஒருவர். ஜெயரட்ணம் அங்கிள் நீண்ட யோசனைக்குப் பிறகு, "பிள்ளை, ரேடியோவை கொஞ்சம் கூட்டி விட்டா சரி," என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். கத்தரினும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

அவளுக்கு அது சிரிப்பில்லை. வயதானவர்களை வீடுவீடாகப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, காலைச் சாப்பாடு வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது அவள் வேலை. சில்லு கழன்று போய்விடுமோ என்ற பயத்தில் பெருந்தெருவை விட்டுவிட்டு உள்வீதிகளால் ஓடத் தொடங்கினாள். போன வியாழன் ஒரு கிழவர், குளிப்பதற்காகக் கழற்றிய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, குளிரில் அவளுக்காகக் காத்திருந்தார். அன்று பின்னேரம் மேற்பார்வையாளர் அழைத்தாள். குரலில் தேன் வழிந்தது. கத்தரினின் கார் நம்பிக்கையாக ஓடும்வரை, கொஞ்ச நாளைக்கு, அவளுடைய வீடுகளை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். அந்த அலுவலகத்தில் 'கொஞ்ச நாளைக்கு' கொடுக்கப்பட்ட வீடுகள் எவருக்கும் திரும்பி வந்ததை கத்தரின் கண்டதில்லை. திங்கட்கிழமை சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கைபேசியை வைத்தாள்.

சில்லு கழன்றது. பிறேக் பகுதியைக் கம்பியால் கட்டி ஒரு ஓரமாகத் தொங்கவிட்டார் அருந்தவன். நடுவிலிருந்த பெரிய நட்டு அசைய மறுத்தது. நீண்ட ஸ்பானரைப் பொருத்தி அதன் நுனியில் கொட்பிறியை ஏறி நிற்கச் சொன்னார். கொட்பிறி கராஜ் கூரையைப் பிடித்துக்கொண்டு, சிலுவையில் பாதி ஏறியவனைப்போல, அதன்மேல் குதித்தான். நட்டு இளகியது. பேரிங் இளகவில்லை. துரு அதை உடம்போடு உடம்பாகப் பிடித்துவைத்திருந்தது. எண்ணெய் தெளித்து, பேரிங்கின் வெளிவளையத்தில் சுத்தியலால் அடி தொடங்கியது. தட்டு, திட்டு, மறுபடி தட்டு.

குசினியிலிருந்து சுஜீவாவின் குரல் வந்தது. "இஞ்சேருங்கோ! பக்கத்து வீட்டான் பொலிசைக் கூப்பிடப் போறான். சோறும் ஆறுது."

"ஆறட்டும்! சூடான சோறு நேற்றும் திண்டனான்."

கத்தரின் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, இது கழலுறதுக்கிடையில மற்றப் பக்கத்தையும் ஒருக்கா தூக்கிச் சுத்திப் பாப்பமா?"

அருந்தவன் சுத்தியலை இறக்கி, வியர்வையைத் தோளில் துடைத்தார். "உமக்கு வலது காது குத்து எண்டு டொக்டரிட்டப் போனா, அவர் இடது காதுக்கும் மருந்து விடுவாரோ?"

கொட்பிறி சிரித்தான். சிரித்த வேகத்தில் கையிலிருந்த ரோர்ச் வெளிச்சம் குலுங்கியது. கத்தரின் அந்தச் சிரிப்பை மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஒருவழியாகப் பேரிங் கழன்று விழுந்தது. அருந்தவன் அதை இரு கைகளாலும் எடுத்து, பிறந்த குழந்தையைக் காட்டும் தாதியைப்போல எல்லோருக்கும் காட்டினார். பிறகு பத்திரிகைத் தாளில் வைத்தார். புதியது ஏறியது. நட்டு முறுகியது. சில்லு பூட்டப்பட்டது. "போய் ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வாங்கோ. எனக்குக் கேக்கத் தேவையில்லை, தெரியும்," என்று அவர் கை கழுவப் போனார். சுஜீவா ஓடிவந்து, வீட்டுக்குக் கொண்டுபோக என்று மூடி போட்ட நண்டுக் கறிச் சட்டியைப் பின்னிருக்கையில் வைத்தாள். திரும்பி வருவோம் மச்சாள் என்று கத்தரின் சொன்னாள். மறந்துபோவியள், இப்பவே இருக்கட்டும் என்றாள் சுஜீவா.

ஸ்டட் ரோட்டில் ஏறும்வரை கத்தரின் மெதுவாகவே ஓட்டினாள். வேகம் ஏறியது. விமானம் வந்தது. அதே விமானம், அதே உறுமல். கொட்பிறி கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். அவள் அடுத்த திருப்பத்தில் இறங்கி, ஒரு பெரிய வட்டச் சந்தியின், ரவுண்டபவுட்டின், வாசலில் கொஞ்சம் வேகமாகவே இடப்பக்கம் வெட்டினாள். உறுமல் எழும்பியது. அதே கணத்தில் பின்னிருக்கையில் கறிச்சட்டி சறுக்கிக்கொண்டு போய் வலப்பக்கக் கதவில் 'டொக்' என்று மோதியது. ரவுண்டபவுட்டின் வளைவில் கார் வலப்பக்கம் சுழன்றபோது உறுமல் தணிந்தது. சட்டி இடப்பக்கம் சறுக்கிப் போனது. அவள் வெளியேறவில்லை. இன்னொரு முறை சுற்றி வந்து, மறுபடி இடப்பக்கம் வெட்டினாள். உறுமல், டொக்.

"கறி ஊத்துப்படப் போகுது!" என்றான் கொட்பிறி.

"ஊத்துப்படட்டும். பாத்தீங்களே? நான் இடப்பக்கம் திருப்ப, பாரமெல்லாம் வலப்பக்கம் விழுகுது. வலப்பக்கச் சில்லுதான் கத்துது."

அவன் பின்னால் திரும்பி, ஒரு கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டான். அவள் தெருவோரமாக நிறுத்தினாள். இயந்திரத்தின் சத்தமும் நின்ற பிறகு கேட்டாள்.

"உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ?"

"கேட்டது."

"அப்ப அத்தானிட்டச் சொல்லுங்கோ. நான் சொன்னா காதுக்கு மருந்து விடுற கதைதான் வரும்."

"இண்டைக்கு வேண்டாம் கத்தரின். மனுசன் காலமை தொடங்கி முதுகு முறிய வேலை செய்து போட்டு நிக்குது. சாமானும் தானே வாங்கிப் போட்டவர். நான் பிறகு ஆறுதலாச் சொல்லுறன்."

"திங்கக்கிழமை உங்கட அத்தானோ ஓடப்போறார்?"

திரும்பும் வழியெல்லாம் அவன் சட்டியைப் பிடித்தபடியே இருந்தான், அந்த ஒன்றையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்பதைப்போல.

அருந்தவன் கராஜ் வாசலில் துவாயால் கை துடைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் பாடசாலைப் பெறுபேறு பார்க்கப்போகும் பிள்ளையின் ஆவல். அதைக் கண்டதும் கத்தரினுக்கு எரிச்சலோடு எரிச்சலாக ஒரு இரக்கமும் வந்தது. அந்த இரக்கமே மேலும் எரிச்சலைத் தந்தது.

"எப்பிடி?"

"சத்தம் நிண்டிட்டுது அத்தான்," என்றான் கொட்பிறி, காரிலிருந்து இறங்குவதற்கு முன்பே. "வெண்ணெய் மாதிரிப் போகுது."

"சொன்னனே!"

சுஜீவா மறுபடி சூடாக்கிய சாப்பாட்டுத் தட்டுகளோடு வந்தாள். கராஜிலேயே சாப்பிடலாம், உள்ளே போனால் கை கால் கழுவவேணும் என்று ஒன்றைக் கணவரிடமும் மற்றதைத் தம்பியிடமும் நீட்டினாள். கொட்பிறி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். சோற்றிலிருந்து ஆவி எழுந்து அவன் மூக்குக்கண்ணாடியை மூடியது.

கத்தரின் குனிந்து, பத்திரிகைத் தாளில் கிடந்த பழைய பேரிங்கை எடுத்தாள். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. "எறிஞ்சு போடாதையும், ஜெயரட்ணத்தாருக்குக் காட்டவேணும்," என்றார் அருந்தவன், வாய் நிறையச் சோற்றோடு. அவள் அதைக் காதோரம் வைத்து மெல்லச் சுழற்றினாள். நெறுநெறுப்பு இல்லை. தடக்கு இல்லை. இத்தனை அடி வாங்கியும் அது வழுக்கிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் சுழன்றது. மறுபடி சுழற்றினாள். அருந்தவனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. சுஜீவா யாரிடமோ சோறு போதுமா என்று கேட்கத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

கத்தரின் கணவனுக்கு முன்னால் போய் நின்றாள். கிரீஸ் அவளுடைய மணிக்கட்டு வழியாகச் சட்டைக்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, அந்தத் தட்டை ஒருக்கா கீழ வையுங்கோ. இதைப் பிடிச்சுச் சுத்திப் பாத்திட்டு, காருக்குள்ள எனக்குச் சொன்னதை அண்ணாவுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

ஆவி படர்ந்த கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் தெரியவில்லை. அவள் நீட்டிய கையில் பேரிங் சுழன்றுகொண்டிருந்தது.