பற்றறுத்தவர் பெண் கேட்ட நாள்

கீர்த்திகனுக்கு ஞானம் வந்து மூன்று மாதம். நயினாதீவு விகாரைக்கு முன்னால் இளநீர்க் கடை வைத்திருப்பவர். ஒலிபெருக்கியில் பிக்குவின் உபதேசத்தைக் கேட்டுக் கேட்டு, பற்றுத்தான் எல்லாத் துன்பத்துக்கும் காரணம் என்று பிடித்துக்கொண்டார். நான்கு வருடமாக அவரைக் காதலித்த எனக்கு அன்றிலிருந்து போனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

போன ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குக் கனடா மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முதல்நாள் கீர்த்திகனுக்கு அதைச் செய்தியாக அனுப்பினேன். பதில் வந்தது: "பிரியவதனி, உமக்கு விருப்பமெண்டால் செய்யும். நான் பற்று வைக்கேல்லை."

வந்ததே எனக்குக் கோபம்! விடிந்ததும் எங்கள் ஊர் சரவணையில் பஸ் ஏறி, குறிகட்டுவான் துறையில் படகு ஏறி, பத்து மணிக்கு அவர் கடைக்கு முன்னால் நின்றேன்.

"புத்தர் என்ன சொன்னவரெண்டால்..." என்று தொடங்கினார்.

"வாயை மூடும்! உமக்குப் பற்றும் அறேல்லை, ஒண்டும் அறேல்லை. பெண் கேட்டால் என்ர அப்பா இல்லையெண்டு சொல்லிப்போடுவார் எண்டு பயம். அந்தப் பயத்துக்கு ஞானம் எண்டு பேர் வைச்சிருக்கிறீர். விடுறதெண்டால் முதல் அதை விடும்!"

இளநீர் குடித்துக்கொண்டிருந்த சிங்கள அம்மா ஒருவர், என்ன சண்டை என்று அவரிடம் கேட்டார். பாவி மனுசன், நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னார். தன் வாயாலேயே சொல்லச் சொல்லக் கீர்த்திகனின் முகம் மாறியது. அந்த அம்மா, நான் சொன்னதுதான் சரி என்பதுபோல் என்னைக் காட்டித் தலையாட்டிச் சிரித்தார். கீர்த்திகன் கத்தியை வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினார்.

மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் அப்பா, வரப்போகிறவர்களுக்காகக் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீர்த்திகன் நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, உங்கட மகளை எனக்குக் கட்டித் தாங்கோ எண்டு கேக்க வந்தனான். இல்லையெண்டாலும் கோவிக்கமாட்டன். ஆனால் கேக்காமல் போகமாட்டன்."

அப்பா துணியைத் தோளில் போட்டார். "கனடா மாப்பிளைக்காக மாமன் கதைச்சார், தமக்கை கதைச்சா, தரகர் கதைச்சார். மாப்பிளை மட்டும் இன்னும் வாய் திறக்கேல்லை." என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்லுறாய், பிள்ளை?"

"எனக்கு இவர்தான் வேணும், அப்பா."

அப்பா தரகருக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்று சொன்னார். வென்றுவிட்டேன்! துள்ளிக் குதிக்காத குறைதான்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். கீர்த்திகனின் கையில் கோப்பை கடகடவென்று ஆடியது.

"பயத்தை விட்டாச்சோ?" என்று கேட்டேன்.

"ஓம், விட்டாச்சு. கைக்கு இன்னும் தெரியாது," என்றார்.