பதினெட்டு மில்லிமீற்றர்

சுஜாந்தினிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். பல்கலைக்கழகத்தில் அவளிடம் நிலஅளவை படிக்கிற இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை நாலாவது குழுவின் அறிக்கையைக் கையில் எடுத்தபோது குரல் பாதாளத்துக்கே போயிருந்தது.

"பதினெட்டு மில்லிமீற்றர் பிழை. அஞ்சுக்கு மேலை போகக் கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"நாங்கள் ஒழுங்காத்தான் அளந்தனாங்கள், சுஜா," என்றாள் அந்தக் குழுவின் ஆஸ்ட்ரிட். டென்மார்க்கில் மாணவர்கள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் பயம் இல்லையென்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வேலை அப்படியொன்றும் மாயவித்தை இல்லை. தேவாலயச் சுவரில் ஒரு பித்தளை ஆணி இருக்கிறது. அதன் உயரம் தெரியும். அங்கிருந்து உயர வித்தியாசம் பார்க்கிற லெவல் கருவியையும் அளவுகோலையும் தூக்கிக்கொண்டு, நாற்பது மீற்றருக்கு ஒரு தரம் நின்று வாசித்து, பூங்காவைக் கடந்து கல்பாலத்தில் இருக்கிற இன்னொரு ஆணிக்குப் போக வேண்டும். அதன் உயரமும் சுஜாந்தினி தட்டெழுதிக் கொடுத்த தாளில் இருந்தது. அளந்து வந்த எண் தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். மற்ற மூன்று குழுக்களுக்கும் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குள் அழகாக ஒத்துப்போயிருந்தது.

நாலாவது குழுவைத் திரும்பவும் அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை கொட்டுகிற மழையில் அளந்து, சப்பாத்தெல்லாம் சேறாக வந்து நின்றார்கள். இந்த முறை பதினேழு. "இப்பவும் ஒழுங்காத்தான் அளந்தனாங்கள், சுஜா," என்றாள் ஆஸ்ட்ரிட். "அளக்கத் தெரியாத ஆக்களைச் சோதனைக்கு விட ஏலாது," என்று சொல்லி, அனுமதியில்லை என்ற பட்டியலில் அவர்களுடைய நாலு பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டாள். நாலு பேருக்கும் அரை வருடம் போயிற்று.

ஆனால் அந்தப் பதினேழு அவளை விட்டபாடில்லை. கவனமில்லாதவன் இன்றைக்கு ஒரு பிழை விடுவான், நாளைக்கு வேறொரு பிழை விடுவான். இரண்டு தரமும் கிட்டத்தட்ட அதே பிழையை விடுவதென்றால் அதற்கும் ஒரு கவனம் வேண்டுமே!

சனிக்கிழமை புருஷன் ஜெசிந்தனை இழுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனாள். புரொண்பி என்ற புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற மனுஷன். மாதத்தில் கிடைக்கிற ஒரேயொரு ஓய்வுச் சனி அது.

"கோலை நேராப் பிடியுங்கோ."

"கோலை நான் பிடிக்கிறன். இந்தக் காத்துக்கு என்னை ஆர் பிடிக்கிறது?"

நாயோடு நடந்துபோன ஒரு கிழவர் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். பாலத்துக்கு வந்து கணக்குப் பார்த்தாள். பதினெட்டு. கைத்தொலைபேசியில் அரசாங்கப் பதிவைத் திறந்தாள். பாலத்து ஆணி: 4.368 மீற்றர். தன் தாளை எடுத்துப் பார்த்தாள். 4.386. கடைசி இரண்டு இலக்கமும் இடம் மாறிக் கிடந்தன. அவசரத்தில் தட்டியது அவளேதான்.

பாலத்தின் ஓரச்சுவரில் அப்படியே குந்திவிட்டாள். "அப்ப அந்தப் பிள்ளையள் சரியாத்தான் அளந்திருக்குதுகள். சரியெண்டு வந்த மற்ற மூண்டு குழுவும்தான் எண்ணை மாத்தியிருக்கு. என்ரை பிழையான எண்ணுக்கு ஏத்த மாதிரி."

ஜெசிந்தன் கோலை மடக்கினான். "பேசாமல் அந்த நாலு பேருக்கும் அனுமதியைக் குடுத்து விடும். இன்னொருக்காப் பாத்தன், சரியெண்டு சொல்லும். மற்றவை வாய் திறக்கமாட்டினம். திறந்தால் அவையின்ரை கள்ளமெல்லோ வெளியிலை வரும்."

"அது பொய்யப்பா."

"வியாழக்கிழமை மட்டும் பொறுமன். ஆறு வருசம் பொறுத்தனீர்."

வியாழக்கிழமைதான் அவளுடைய நிரந்தர வேலையைப் பற்றித் துறைத் தலைவி முடிவு சொல்வதாக இருந்தது. ஆறு வருடமாக ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம். ஜெசிந்தன் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை, அதுதான் சங்கடம். உண்மையைச் சொன்னால், அவன் பேச்சைக் கேட்கத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. ஞாயிறு பூசையில் சுவாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. மழையில் நனைந்து நின்ற ஆஸ்ட்ரிட்டின் முகம்தான் முன்னால் நின்றது. வெட்கமாக இருந்தது.

திங்கள் காலை ஏழு மணிக்குத் துறைத் தலைவிக்கு எழுதினாள். பிழை என்னுடையது, நாலாவது குழு சரியாக அளந்திருக்கிறது, அவர்களைச் சோதனைக்கு அனுமதியுங்கள் என்று மூன்று வரி. மற்றக் குழுக்களைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "வியாழக்கிழமை பேசுவோம்." அவ்வளவுதான்.

வகுப்பில் இரண்டு எண்ணையும் பலகையில் எழுதினாள். எது பதிவில் உள்ளது, எது தான் தட்டியது என்று காட்டினாள். நாலாவது குழு இருந்த மேசைக்குப் போய் நாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்டாள். மற்றவர்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாவது குழுவின் ராஸ்முஸ்தான் எழும்பினான். காதெல்லாம் சிவந்திருந்தது. வெளிக்களக் கொப்பியைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தான். அழித்த இடத்தில் பென்சில் தடம் இன்னும் தெரிந்தது.

"எங்களுக்கும் பதினெட்டுத்தான் வந்தது. தாள் பிழையாயிருக்குமெண்டு நாங்கள் நினைக்கேல்லை."

பின்னாலேயே மற்ற இரண்டு கொப்பிகளும் வந்தன. அங்கேயும் அழித்த தடம், அதே பதினெட்டு. எண்ணை மாற்றுகிறவன் நிலஅளவையாளனே இல்லை என்று காரமாக நாலு வார்த்தை சொல்லத்தான் ரயிலில் வரும்போது ஆயத்தம் செய்திருந்தாள். அந்தப் பன்னிரண்டு முகத்தையும் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள்.

"பதினாறு பேர் அளந்திருக்கிறியள். பதினாறு பேருக்கும் சரியான விடை வந்திருக்கு," என்றாள். "ஒராளாவது என்னட்டை வந்து சொல்லியிருக்கலாமே?"

இந்த முறை அவள் ஏசவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்.

ஆஸ்ட்ரிட் தலையை நிமிர்த்தினாள். அவளுடைய குரலில் கோபம் மருந்துக்கும் இல்லை.

"நாங்கள் சொன்னனாங்கள், சுஜா. ரெண்டு தரம்."